பிளஸ்ஸிக்கு இறக்கை வைத்தவர்கள்

சர்ச் கேட்டில் கட்டியிருந்த ஃபிளெக்ஸைப் பார்த்ததும் ஆட்டோவிலிருந்து இறங்கின இடத்திலேயே நின்றுவிட்டேன். பத்தடி உயரத்தில் என் மகள் பிளஸ்ஸி. அதாவது, அவளுடைய தலை மட்டும். கழுத்துக்குக் கீழே வேறு யாருடைய உடம்போ இருந்தது. தரை வரைக்கும் வெள்ளைக் கவுன், கூப்பிய கைகள், முதுகில் இரண்டு பெரிய இறக்கைகள். பின்னால் மேகம், மேகத்துக்குள் ஒரு படிக்கட்டு. அந்தப் படிக்கட்டில் ஏறச் சொல்லியிருந்தால் லிஃப்ட் இல்லையா என்று கேட்டிருப்பாள் என் மகள்.

"நல்லா வந்திருக்குல்ல?" என்றார் என் கணவர் ஞானையா.

"யாருங்க இது?" என்றேன்.

அவர் ஆட்டோக்காரருக்குக் காசு கொடுக்கத் திரும்பிக்கொண்டார்.

பிளஸ்ஸி போய் அன்றைக்கு ஒரு வருஷம். பத்தொன்பது வயது, டெங்கு, ஐந்தே நாள். எங்கள் சபையில் வருஷம் முடிகிற அன்று நினைவு ஆராதனை வைப்பார்கள். வீட்டார் ஒருவர் மைக் முன்னால் நின்று, போனவரைப் பற்றி ஐந்து நிமிஷம் சாட்சி சொல்ல வேண்டும். பிறகு எல்லோருக்கும் பிரியாணி. பெற்றவள் பேசினால்தான் நன்றாக இருக்கும் என்று பாஸ்டரம்மா சொல்லிவிட்டார். என்ன பேச வேண்டும் என்பதை என் கணவர் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தத் தாள் நாலாக மடிந்து என் கைப்பையில் இருந்தது.

பிளஸ்ஸி அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஜெபிப்பாள். பெற்றோர் சொல்லை ஒருநாளும் தட்டியதில்லை. கர்த்தர் தம்முடைய தோட்டத்துக்காகப் பறித்துக்கொண்ட மலர் அவள். இப்படியே ஒன்றரைப் பக்கம் போகிறது. நாலு மணியாம்! நாலு மணிக்குத்தான் அவள் சில நாள் போனைக் கீழேயே வைப்பாள்.

நான் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாகக் கணக்கு டீச்சர். ஜெயசீலி டீச்சர் என்றால் வராண்டாவில் குப்பை போடுகிறவன்கூடப் பொறுக்கி எடுத்துப் பாக்கெட்டில் வைத்துக்கொள்வான். அழுக்கு எனக்கு ஆகாது. கண்டால் "சீ, கருமம்!" என்று வாயில் வந்துவிடும். "கிறிஸ்தவங்க சொல்ற வார்த்தையா அது?" என்று கல்யாணமான நாளிலிருந்து என் கணவர் திட்டிக்கொண்டிருக்கிறார். அப்படிப்பட்டவள் வயிற்றில் வந்து பிறந்தாள் பாருங்கள் ஒருத்தி. ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது அவளைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பேன்.

ஃபிளெக்ஸ் கடைக்காரர் தீனா கடைசிக் கயிற்றைக் கட்டிவிட்டு ஏணியிலிருந்து இறங்கி வந்தார்.

"இன்னாமா, ஷோக்கா கீதா? சார் குட்த்த போட்டோல பாப்பா டல்லா இருந்துச்சு. நான்தான் கலர் ஏத்தி உட்டேன்."

"தாடையில ஒரு தழும்பு இருக்குமே?"

"அத்த எட்த்தாச்சுமா. மூக்கு மேல ரெண்டு பரு இருந்துச்சு, அத்தையும் எட்த்துட்டேன். இப்போ பாரு, மூஞ்சில ஒரு புள்ளி கீதா?"

இல்லை. ஒரு புள்ளிகூட இல்லை. கழுவிக் கவிழ்த்த பீங்கான் தட்டு மாதிரி இருந்தது முகம்.

"தழும்பைத் திரும்ப வைக்க முடியுமா?" என்றேன்.

அவர் என் கணவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னிடம், "இன்னாமா, எல்லாரும் எடுக்கச் சொல்வாங்க, நீ வெக்கச் சொல்ற? சரி, எந்தப் பக்கம்னு சொல்லு. மார்க்கர் கீது, இப்பவே ஒரு கோடு போட்டுடறேன்" என்றார்.

சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. என் கை தானாகவே என் தாடையைத் தொட்டது. முதலில் இடது பக்கம். பிறகு வலது பக்கம்.

"ரைட் சைடு" என்றார் என் கணவர்.

"இல்லீங்க, லெஃப்ட்."

"ரைட் சைடுதான் சீலி. பீரோ கதவுல இடிச்சுக்கிட்டா இல்ல, ஏழு வயசுல?"

போனை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் அவளே எடுத்த செல்ஃபிகள். சிலதில் தழும்பு இந்தப் பக்கம், சிலதில் அந்தப் பக்கம். செல்ஃபி சில சமயம் முகத்தைத் திருப்பிப் போட்டுவிடும் என்று அவளேதான் எனக்குச் சொல்லியிருக்கிறாள். மற்றவர்கள் எடுத்த படங்களில் முடியை இழுத்துத் தாடையில் விட்டுக்கொண்டிருந்தாள். தீனா மார்க்கரோடு நின்றுகொண்டிருந்தார். "வேணாம், விடுங்க" என்றேன்.

என்மேலேயே எனக்கு அருவருப்பாக வந்தது. அந்தத் தழும்பில் ரத்தத்தைத் துடைத்து மஞ்சள் வைத்தவள் நான். ஒரே வருஷத்தில் எந்தப் பக்கம் என்பது மறந்துவிட்டது. இன்னும் ஒரு வருஷம் இந்த இறக்கைக்காரியையே பார்த்துக்கொண்டிருந்தால், மிச்சமிருக்கிற பிளஸ்ஸியும் எனக்கு இல்லாமல் போய்விடுவாள். இதை இன்றைக்கே நிறுத்தாவிட்டால் அப்புறம் நிறுத்தவே முடியாது என்று தோன்றியது.

சர்ச்சுக்குப் பின்பக்கம், பைக்குகள் நிறுத்துகிற இடத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். பக்கத்திலேயே பிரியாணி அண்டா இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நெய் வாசனை தொண்டையில் வந்து ஒட்டியது.

"நீங்க எழுதினதை நான் படிக்க மாட்டேன்."

"ஒரு நாள் சீலி. இன்னிக்கு ஒரு நாள் படிச்சிரு."

"நாலு மணிக்கு எந்திரிச்சாளா அவ? சொல்லுங்க."

"எந்திரிச்சிருக்கலாம்ல. என்ன இப்போ?"

"என்ன பேச்சுங்க இது! அதுல இருக்கிறது நம்ம பொண்ணே இல்ல."

"தெரியும்" என்றார்.

அவர் தபால் ஆபீஸில் வேலை பார்க்கிறவர். சத்தம் போட்டுப் பேசத் தெரியாது. கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கும்போதுகூட அவர் அழவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தார். இப்போதும் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தபடிதான் சொன்னார்.

"அந்த போட்டோல இருக்கிற பொண்ணு செத்துப்போயிட்டான்னா என்னால தாங்க முடியுது சீலி. நம்ம பொண்ணு செத்துட்டான்னா முடியல. அதான் அப்படி எழுதினேன்."

பாவம் மனுஷன். சரி, படிக்கிறேன் என்று தலையை ஆட்டிவிட்டேன். உள்ளே போனோம்.

உள்ளே போனால் ஆளாளுக்கு அவளை ஒரு பூவாக்கினார்கள். பாஸ்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாருங்க சிஸ்டர், முகத்துல என்ன தேஜஸ்! பரலோகத்துல இருக்காங்கறது தெரியுது" என்றார். அது தீனாவின் கடையில் ஏற்றிய கலர் என்று சொல்ல வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். இறக்கை வைத்த அதே படத்தை உள்ளங்கை அளவுக்கு அட்டையில் அடித்து எல்லோருக்கும் கொடுத்திருந்தார்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் அதை விசிறியாக்கிக்கொண்டு, பிரியாணி மட்டனா சிக்கனா என்று பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். பாஸ்டர் பிரசங்கத்தில் ஒரே பறிப்பு. தேவன் பறித்தார், தோட்டத்துக்குப் பறித்தார், வாடுமுன்னே பறித்தார். என் மகளைக் கொசு கடித்தது ஐயா. பறிக்கவெல்லாம் யாரும் வரவில்லை.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் போய்த் தாளைப் பிரித்தேன். இடது பக்கம் பாடகர் குழுவின் பெஞ்சுகள். மூன்றாவது பெஞ்சில் பிளஸ்ஸியின் இடத்தைக் காலியாக விட்டு, அங்கே ஒரு பூங்கொத்து வைத்திருந்தார்கள். அங்கேயும் பூ!

"என் மகள் பிளஸ்ஸி அதிகாலை நான்கு மணிக்கு..." என்று ஆரம்பித்தேன்.

அடுத்த வார்த்தை வரவில்லை. முதல் வரிசையில் என் கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்காகவாவது படித்துவிட வேண்டும் என்று இன்னொரு தடவை பார்த்தேன். தாளில் நாலு மணி, நாலு மணி என்றுதான் தெரிந்தது. அப்படியே மடித்தேன்.

"நாலு மணிக்கு அவ ஒருநாளும் எந்திரிச்சதில்ல" என்றேன். "மூணு அலாரம் வைப்பா. மூணும் அடிக்கும். மாடி வீட்டுக்காரங்க எந்திரிப்பாங்க, இவ எந்திரிக்க மாட்டா. ஏழரை மணிக்கு எந்திரிச்சு, பல்லை விளக்கினாளா இல்லையான்னே தெரியாம செம்பாக்கத்துல ஷேர் ஆட்டோவுக்கு ஓடுவா."

பாடகர் குழுவில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். பாஸ்டரம்மா என்னைப் பார்த்துக் கண்ணால் ஏதோ ஜாடை காட்டினார். என்னால் நிறுத்த முடியவில்லை.

"உங்க வீட்டுப் பொண்ணுங்க குளிச்சா உதிர்ற முடி எங்க போகும்? கீழ போகும். இவ அதை எடுத்து பாத்ரூம் சுவத்துல ஒட்டுவா. ஒட்டிட்டு அதுல படம் வரைவா. ஒருநாள் உள்ள போறேன், டைல்ஸ்ல நான் இருக்கேன். கண்ணாடி, கொண்டை, எல்லாம் முடியில. 'சீ, கருமம்!'னு கத்தி ஒரு வாளி சுடுதண்ணியை அது மேல ஊத்தினேன். 'என்னம்மா, உன்னை நீயே கொன்னுட்டியே'ன்னு கேட்டுக்கிட்டு வாசல்ல நிக்குறா. கட்டிலுக்கு அடியில டீ குடிச்ச டம்ளர் கிடக்கும். அதுல பச்சையா பூஞ்சை. 'கழுவித் தொலையேன்டி'ன்னா, 'அதுக்குப் பேர் வெச்சிட்டேம்மா, இனிமே எப்படிக் கொல்றது'ங்குறா. சனிக்கிழமை கோவளத்துல இருந்து மீன் வாங்கிட்டு வருவார் இவர். அந்த மீன் கண்ணை வாயில போட்டு, நாக்கு நுனியில வெச்சு எனக்கு நீட்டிக் காட்டுவா. நான் சாப்பாட்டை விட்டு எந்திரிச்சுப் போகணும், அதுதான் அவளுக்கு வேணும். சூயிங்கம் மென்னுட்டு டைனிங் டேபிளுக்கு அடியில ஒட்டுவா. கேட்டா, நான் இல்லம்பா. எங்க வீட்டுல வேற யாரு மெல்லுறா?"

அட்டையை விசிறிக்கொண்டிருந்த அம்மாள்கூடக் கையை நிறுத்தியிருந்தார்.

அதற்கடுத்ததைச் சொல்லியிருக்க வேண்டாம். யாரிடமும், என் கணவரிடம்கூட, நான் சொல்லாதது அது. ஆனால் வந்துவிட்டது.

"ஆஸ்பத்திரியில நாலாம் நாள் பிளேட்லெட் ஏறிடுச்சுன்னாங்க. ரெண்டு நாள்ல கூட்டிட்டுப் போகலாம்னாங்க. நான் வீட்டுக்கு வந்தேன். சந்தோஷமா வந்தேன். இந்தக் கழுதை இல்லாத நேரத்துல வீட்டைக் கழுவிடலாம்னு வந்தேன். பெட்ஷீட், தலையணை உறை எல்லாத்தையும் சுடுதண்ணியில போட்டு அலசினேன். சீப்புல இருந்த முடியை எடுத்துக் குப்பையில போட்டேன். பாத்ரூம் சுவத்தைத் தேய்ச்சேன். டம்ளரைக் கழுவினேன். தோசைத் திருப்பியை எடுத்துக்கிட்டு டேபிளுக்கு அடியில படுத்து சூயிங்கத்தைச் சுரண்டினேன். பதினோரு இடத்துல இருந்துச்சு. கடைசியா ரூம் முழுக்க பினாயில் போட்டுத் துடைச்சேன். அப்படி ஒரு திருப்தி எனக்கு. மறுநாள் விடியக்காலம் போயிட்டா. ஒரு வருஷமா அந்த ரூம்ல மோந்து மோந்து பாக்குறேன். பினாயில் வாசனைதான் வருது. என் பிள்ளை வாசனையை நானே துடைச்சுட்டேன். இப்போ அவ தாடையில தழும்பு எந்தப் பக்கம் இருந்துச்சுன்னுகூட எனக்குத் தெரியல. நீங்க இறக்கை வைக்கிறீங்க. எனக்கு இறக்கை வேணாம். அந்த அழுக்குப் பொண்ணு போதும்."

மைக்கை அப்படியே விட்டேன். என் கணவர் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். அவர் கேட்ட ஒரே ஒரு காரியத்தை நான் செய்யவில்லை.

"லெஃப்ட் சைடு, ஆன்ட்டி."

பாடகர் குழுவிலிருந்து ஆஷா எழுந்து நின்றாள். பிளஸ்ஸியோடு ஐந்து வருஷம் பாடின பெண்.

"நான் அவளுக்கு லெஃப்ட்லதான் உட்காருவேன். எனக்குத் தெரிஞ்சதே அந்தத் தழும்புதான்" என்றாள். அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

பாஸ்டருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "எல்லோரும் தலைகளைத் தாழ்த்தி, கண்களை மூடி ஜெபிப்போம்" என்று அவசரமாக எழுந்துவிட்டார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். ஆஷா மட்டும் மூடவில்லை. என்னிடம் வந்து காதோடு சொன்னாள்.

"ஆன்ட்டி, திட்டாதீங்க. சூயிங்கம் எல்லாத்தையும் சுரண்டிட்டேன்னு சொன்னீங்கல்ல? எல்லாத்தையும் இல்ல."

மூன்றாவது பெஞ்சைக் கண்ணால் காட்டினாள்.

"பிரசங்கம் நடக்கும்போது மென்னுக்கிட்டு இருப்பா. பாட எந்திரிக்கிறப்போ அடியில ஒட்டிடுவா. பாடி முடிச்சு உட்கார்ந்ததும்..." என்று தயங்கினாள்.

"உட்கார்ந்ததும்?"

"திரும்ப எடுத்து வாயில போட்டுக்குவா, ஆன்ட்டி."

போய் அந்தப் பூங்கொத்தைத் தள்ளி வைத்துவிட்டு, காலி இடத்தில் உட்கார்ந்தேன். பெஞ்சுக்கு அடியில் கையை விட்டேன். சொரசொரப்பான பலகை, ஒரு ஆணி. அப்புறம் ஒன்று தட்டுப்பட்டது. பக்கத்தில் இன்னொன்று. இன்னும் கொஞ்சம் தள்ளி வரிசையாக நாலைந்து. கல் மாதிரி இறுகிப்போயிருந்தன. ஒன்று மட்டும் பெரிதாக, நடுவில் குழிந்து இருந்தது. கட்டை விரலை வைத்து அழுத்தியிருக்கிறாள். அந்தக் குழிக்குள் என் விரலை வைத்தேன். என் விரல் பெரிது, முழுசாகப் போகவில்லை.

"சீ, கருமம்!" என்றேன்.

சத்தமாகவே வந்துவிட்டது. பாஸ்டர் ஒரு விநாடி ஜெபத்தை நிறுத்தி, மறுபடி தொடர்ந்தார். ஒரு வருஷமாக அந்த வார்த்தையை நான் சொல்லவே இல்லை. எங்கள் வீடு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

என் கணவர் எழுந்து என்னிடம் வந்தார். நான் அவர் எழுதியதைப் படிக்காத கோபம் முகத்தில் இருந்தது.

"ஜெபம் நடக்குது சீலி. என்ன பண்ணிட்டு இருக்க இங்க?"

அவர் கையைப் பிடித்து பெஞ்சுக்கு அடியில் இழுத்தேன். குனிந்தவர், தொட்டதும் சட்டென்று கையை உதறினார்.

"என்ன இது?"

"நம்ம பொண்ணு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வேண்டாம் என்ற கெஞ்சல் இருந்தது. நான் நகர்ந்து உட்கார்ந்தேனே தவிர, விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. மெதுவாக மண்டி போட்டார். பார்த்தவர்கள் ஜெபிக்கத்தான் மண்டி போடுகிறார் என்று நினைத்திருப்பார்கள். கையை மறுபடியும் உள்ளே விட்டார். அவர் விரல்கள் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போவது பலகையில் கேட்டது. குழிந்திருந்த அந்தப் பெரியதில் வந்து நின்றன.

"கருமம்" என்றார்.

அவர் வாயில் அந்த வார்த்தையை நான் அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன்.

"கருமம் பிடிச்ச கழுதை" என்று சொல்லிக்கொண்டே பெஞ்சின் விளிம்பில் நெற்றியை வைத்தார். முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது, பாஸ்டரின் மைக்கையும் மீறிக்கொண்டு. நான் அவர் முதுகில் கையை வைத்தேன். ஜெபம் முடிந்து எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அவர் எழுந்திருக்கவும் இல்லை, கையை வெளியே எடுக்கவும் இல்லை.